துண்டு ஸ்டாண்டு

போன மாதம் என் மருமகன் புதுக் கார் எடுத்தான். எடுத்த வாரமே முன் சீட்டு ஹெட்ரெஸ்ட்டைப் பிடுங்கி, முன்பக்கத்தைப் பின்பக்கமாகத் திருப்பிச் செருகிவிட்டான். ஏனப்பா என்றால், "தலைய முன்னாடி தள்ளுது மாமா, கழுத்து வலிக்குது. போன்ல ஒரு வீடியோ பார்த்தேன், அதுல இப்படித்தான் மாட்டினாங்க" என்கிறான். காலமெல்லாம் கார் சீட் தைத்துச் சோறு தின்ற மாமனார் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேறு யாராவது இருந்தால் நாலு வாங்கு வாங்கியிருப்பேன். மருமகன் ஆயிற்றே, பல்லைக் கடித்துக்கொண்டு காப்பியைக் குடித்தேன்.

அம்பத்தூரில் நான் வேலை பார்த்த கடையில் இப்போது இருப்பவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். "அண்ணே, கஸ்டமர் கழட்டித் தரச் சொல்றாரு, கழட்டிடலாமா?" போனிலேயே எத்தனை பேருக்குச் சொல்வது? எழுதிவிட்டால் ஒரு வேலை முடிந்தது.

நான் தொழில் கற்றது பாடியில், பஸ் சீட் தைக்கும் ஒரு தகரக் கொட்டகையில். அங்கே பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தேங்காய் நார் அடைத்தேன், ஆணி அடித்தேன், விரலிலும் அடித்துக்கொண்டேன். எண்பதுகளின் தொடக்கத்தில் அம்பத்தூர் எஸ்டேட் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கார் சீட் கடைக்கு வந்து சேர்ந்தேன். அந்தக் கடைக்கு முதலாளி வேறு ஒருவர், ஆனால் அங்கே ராஜா மாதிரி இருந்தவர் தேவராஜ் மேஸ்திரிதான்.

மேஸ்திரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மூக்குப்பொடி டப்பா ஒரு கையில், சுண்ணாம்புக் கட்டி ஒரு கையில். ஊர் வம்பு என்றால் உயிர். எங்களிடம் புலி, ஆபீசர் யாராவது வந்து நின்றால் பூனை. ஆனால் ஒரு மனிதர் எப்படி உட்காருகிறார் என்று கண்டுபிடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

கடையில் சீட்டில் உட்காரச் சொன்னால் எல்லோரும் போட்டோ ஸ்டூடியோவில் உட்காருவது போல உட்காருவார்கள். முதுகு நேர், முகவாய் தூக்கல், கை தொடைமேல். அதை நம்பி அளவெடுத்தால் கதை கந்தல். வீட்டுக்குப் போகும் வழியிலேயே ஆள் சரிந்து உட்காருவார், ஹெட்ரெஸ்ட் எங்கோ நிற்கும், மறுநாள் சண்டைக்கு வருவார். அதனால் மேஸ்திரி அளவெடுக்க மாட்டார். பேச்சுக் கொடுப்பார். "உங்க பக்கம் தண்ணி லாரி வருதா?" "ரேஷன்ல இன்னா சக்கரை போட்டான், பார்த்தீங்களா?" "மச்சினன் வேலைக்குப் போறானா, இல்லே ஊட்டோட கீறானா?" மச்சினனைப் பற்றிக் கேட்டால் எப்பேர்ப்பட்ட ஆளும் சரிந்துவிடுவார். அவர் சரிந்ததும் மேஸ்திரி கண்ணைக் காட்டுவார், நான் சுண்ணாம்பால் கோடு போடுவேன்.

அளவு இதுதான். ஹெட்ரெஸ்ட்டின் மேல் விளிம்பு காது மட்டத்துக்குக் கீழே இருக்கவே கூடாது. உச்சந்தலை மட்டத்துக்கு வந்தால் ரொம்ப நல்லது. தலைக்கும் அதற்கும் நடுவே மூன்று விரல் போகலாம், முழங்கை போகக்கூடாது. தலையை முன்னால் தள்ளுகிறதா? ஹெட்ரெஸ்ட்டைத் தொடாதே. முதலில் சீட்டு முதுகை ஒரு க்ளிக் பின்னால் சாய்த்துப் பார். சாயாத சீட்டாக இருந்தால் இடுப்புக்கு ஒரு மெல்லிய திண்டு கொடு. தொண்ணூறு சதவீதம் வலி அங்கேயே போய்விடும் என்பார் மேஸ்திரி. சதவீதம் அவர் வாயில் வந்தது, ஆனால் வலி போனது நிஜம்.

அந்த நாளில் எங்கள் பக்கத்தில் அதற்கு ஹெட்ரெஸ்ட் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தலகாணி என்றுதான் பெயர். பழைய கார்களில் அது கிடையாது. எங்களைப் போன்ற கடையில் சொல்லிச் செய்து மாட்டிக்கொள்வார்கள். தலகாணி என்றாலே தூங்கத்தானே? அதனால் பின்னங்கழுத்துக்கு வாகாக இறக்கி வைக்கச் சொல்வார்கள். பின்னாலிருந்து ஒருவன் வந்து மோதினால் தலை அதைத் தாண்டிப் பின்னால் மடியும், கழுத்து போச்சு. மேஸ்திரி இதை ரேஷன் கடையை வைத்து விளக்குவார். "க்யூல நிக்கறப்போ பின்னால இருக்கறவன் முதுகுல கைய வெச்சுத் தள்றான். ஒடம்பு முன்னால போவும். தலை எங்க போவும்? பின்னாலயே நிக்கும். அத்தப் புடிக்கத்தான் இது. தூங்கறதுக்கு இல்ல." கேட்பவர் தலையாட்டுவார். பிறகு, "சரி மேஸ்திரி, கொஞ்சம் எறக்கியே வெச்சுடுங்க" என்பார்.

ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு டீச்சரம்மா வந்தார். நல்ல பெரிய கொண்டை, அதைச் சுற்றிக் கெட்டியாக மல்லிகை. புதுக் காரின் தலகாணியில் பட்டு, பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் பூ நசுங்கிப் போகிறதாம். கழற்றிவிடச் சொன்னார். மேஸ்திரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "பூவ ஒரு ஓரமா வெச்சுகினா..." என்று ஆரம்பித்தார். "பூவை எங்க வெக்கணும்னு எனக்கு நீங்க சொல்றீங்களா?" என்றார் டீச்சரம்மா. மேஸ்திரி வாயை மூடிக்கொண்டு சீட்டை ஒரு க்ளிக் சாய்த்தார், இடுப்புக்குத் திண்டு வைத்தார், ஹெட்ரெஸ்ட்டைக் கொஞ்சம் மேலே தூக்கினார். கொண்டை அதற்குக் கீழே அடங்கியது. "இதை முதல்லயே செஞ்சிருக்கலாமே" என்று சொல்லிவிட்டுப் போனார். தையல் மெஷினுக்குப் பின்னால் தலையைக் குனிந்து சிரித்தேன், மேஸ்திரி பார்த்துவிட்டார், அன்று எனக்கு டீ கிடையாது.

இதெல்லாம் சில்லறை. சொல்ல வந்தது கன்னியப்பன் கதை.

ஆவடிப் பக்கம் ஒரு பெரிய ஆபீஸ். பெயர் வேண்டாம், அங்கே பென்ஷன் வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அங்கே பெரிய அதிகாரிக்கு ஒரு வெள்ளை அம்பாசிடர், அதை ஓட்டுகிறவர் கன்னியப்பன். நாற்பது வயசுக்காரர், நல்ல கை, கெட்ட வாய். பின் சீட்டில் அய்யா உட்காரும் இடது பக்கத்துக்கு நாங்கள்தான் ஹெட்ரெஸ்ட் போட்டுக் கொடுத்திருந்தோம். அய்யாவுக்குக் கழுத்து வலி. வலிக்குக் காரணம் முதலில் எங்கள் ஹெட்ரெஸ்ட், அப்புறம் கன்னியப்பன் பிரேக் போடும் விதம் என்று அவர் முடிவு கட்டியிருந்தார். வலி நிற்காவிட்டால் வண்டியைப் பிடுங்கிவிடுவேன் என்று கன்னியப்பனிடம் சொல்லியாகிவிட்டது.

அய்யாவே ஒரு நாள் கடைக்கு வந்தார். பின் சீட்டில் உட்கார்ந்தார். மேஸ்திரி தண்ணீர் லாரியிலிருந்து மச்சினன் வரைக்கும் எல்லாம் கேட்டுப் பார்த்தார். அய்யா சரியவில்லை. ஆபீசர் மேஸ்திரி முன்னால் சரிவாரா? கம்பி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, "ஹெட்ரெஸ்ட் நிக்கிற ராடை வெட்டி இன்னும் கீழே இறக்குங்க" என்றார். மேஸ்திரி பூனையாகி, "பார்க்கறேன் சார்" என்றார்.

அய்யா இறங்கி எதிர்க்கடைக்குச் சிகரெட் வாங்கப் போனதும் கன்னியப்பன் கிட்டே வந்து குசுகுசுத்தார். "மேஸ்திரி, இந்தக் குந்தல்லாம் டூப்பு. திருமுல்லைவாயல் தாண்டறதுக்குள்ள அய்யா அவுட்டு."

"தூங்குவாரா?"

"சே சே. அய்யா தூங்க மாட்டாரு. யோசிப்பாரு. வாயத் தொறந்துகினு யோசிப்பாரு."

"அப்ப தலை எப்டி கீது?"

"மார்ல வந்து முட்டும். பின்னால அந்தத் துண்டு கீதே, அது தள்ளுது."

அப்போதுதான் துண்டைப் பார்த்தோம். அந்தக் காலத்து ஆபீஸ் காரில் வெள்ளை டர்க்கித் துண்டு என்றால் சும்மா இல்லை. பதவி ஏற ஏறத் துண்டு தடிக்கும். அய்யா மிகப் பெரிய பதவி. துண்டை நாலாக மடித்து ஹெட்ரெஸ்ட்மேல் போட்டிருந்தார்கள். ஒரு சின்னத் தலையணை கனத்துக்கு இருந்தது. நாங்கள் மூன்று விரல் இடைவெளி விட்டு மாட்டிய ஹெட்ரெஸ்ட்டை அது முன்னால் கொண்டுவந்து தலையைத் தள்ளிக்கொண்டிருந்தது. ராடை வெட்ட வேண்டியதில்லை, துண்டை எடுத்தால் போதும். எடுக்கச் சொல்வது யார்? அய்யாவின் துண்டில் கை வைப்பதும் அவர் வேட்டியில் கை வைப்பதும் ஒன்று.

மேஸ்திரி மூக்குப்பொடியை ஒரு இழுப்பு இழுத்தார். அய்யா திரும்பி வந்ததும், "சார், துண்ட மடிச்சுப் போட்டா பாதி வெள்ளைதான் சார் தெரியுது. ஒத்தையா விரிச்சு விட்டா முழு வெள்ளையும் தெரியும்" என்றார். அய்யா நின்று யோசித்தார், இந்தத் தடவை கண்ணைத் திறந்துகொண்டு. "அதுவும் சரிதான்" என்றார். துண்டை விரித்து, ஓரங்களைச் செருகிவிட்டோம். ராடில் கை வைக்கவில்லை. அய்யாவின் கழுத்து வலி அந்த வாரத்தோடு போயிற்று. ராடை வெட்டியதால் போயிற்று என்று அவர் எல்லோரிடமும் சொன்னார்.

கன்னியப்பன் நன்றி சொல்ல வந்தார். சொல்லிவிட்டு வாசலை நோக்கி நடக்கும்போது மேஸ்திரி பின்னாலிருந்து, "கன்னியப்பா!" என்று கூப்பிட்டார். கன்னியப்பன் திரும்பினார். தலை மட்டும் திரும்பவில்லை. தோள், இடுப்பு, கால் எல்லாமாகச் சேர்ந்து ஆளே வட்டமடித்துத் திரும்பினார். மேஸ்திரியின் முகம் மாறியது.

"கழுத்து இன்னாச்சு?"

"ஒண்ணியும் இல்ல மேஸ்திரி."

"எங்கிட்டயே டபாய்க்கிறியா? குந்து இங்க."

உட்கார்ந்தார். அப்புறம் சொன்னார். போன வருஷம் பாடியில் ஒரு லாரிக்காரன் பின்னால் லேசாக இடித்திருக்கிறான். வண்டிக்கு ஒன்றுமில்லை. அய்யா வண்டியில் இல்லை. கன்னியப்பனுக்கு மட்டும் கழுத்து பிடித்துக்கொண்டது. முன் சீட்டு நீளமான பலகை சீட்டு, முதுகோடு சரி, தலைக்கு ஒன்றும் கிடையாது. "டாக்டர் சொல்லிட்டாரு. இன்னொரு வாட்டி இதேபோல ஆச்சுன்னா கை மரத்துப் பூடும், ஸ்டேரிங் புடிக்க முடியாதுன்னு. ஆபீஸ்ல சொன்னா அன்ஃபிட்னு வெளிய தள்ளிடுவானுங்க. எனக்கு ரெண்டு பொண்ணு மேஸ்திரி. வண்டி ஓட்றதத் தவுற ஒரு வேலயும் தெரியாது." அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். தினமும் பாடி வழியாகப் போய்வருகிற மனுஷன், கண்ணாடியில் பின்னால் லாரி தெரிந்தாலே வண்டியை ஓரம் கட்டி அதை முன்னால் விட்டுவிடுவாராம்.

"முன்னால ஒண்ணு போட்டுட்டா முடிஞ்சுது" என்றேன் நான்.

"நீ ஒண்ணு நைனா. டிரைவருக்குத் தலகாணி கேட்டா இன்னா சொல்லுவானுங்க? தூங்கறதுக்குக் கேக்கறான்னு எழுதிடுவானுங்க."

அவர் சொன்னது அப்படியே நடந்தது. அடுத்த தடவை அய்யா வந்தபோது மேஸ்திரி தைரியத்தைத் திரட்டிக்கொண்டு, "முன்னாலயும் ஒண்ணு போட்டுட்டா ஜோடியா நல்லா இருக்கும் சார்" என்றார்.

"டிரைவருக்கா? விளையாடறீங்களா? அப்புறம் அவனும் தூங்கிடுவான்" என்றார் அய்யா.

நான் தரையைப் பார்த்தேன். மேஸ்திரி கூரையைப் பார்த்தார். கன்னியப்பன் ரேடியேட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதன் பிறகு மேஸ்திரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. கழுத்து என்று சொன்னால் கன்னியப்பனுக்கு வேலை போகும். தலகாணி என்று சொன்னால் தூக்கம். இரண்டையும் சொல்லாமல் ஒரு ஹெட்ரெஸ்ட் போட வேண்டும். ரெக்சின் வெட்டும்போதும் முணுமுணுப்பு, சாப்பிடும்போதும் முணுமுணுப்பு. ஒரு நாள் ஊறுகாயை நக்கிக்கொண்டே, "சண்முகம், துண்டுடா!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். சோற்றுப் பருக்கை என் சட்டையில் விழுந்தது.

அய்யாவிடம் அவர் பேசியதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். ஆபீசர் முன்னால் வாயே திறக்காத மனுஷன் அன்று சந்தையில் மாடு விற்கிற ஆள் மாதிரிப் பேசினார். "சார், வண்டி கேட்டுக்குள்ள வரப்போ வாட்ச்மேனுக்கு மொதல்ல இன்னா சார் தெரியும்? முன்பக்கம். உங்க துண்டு பின்னால கீது. எவனோ வரான்னு நெனச்சுக்குவான். முன் சீட்லயும் ஒரு வெள்ளைத் துண்டு பளிச்சுனு இருந்தா? தூரத்துலயே சல்யூட்டு வெச்சுடுவான்."

அய்யாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "போட்டுட வேண்டியதுதானே?"

"அங்கதான் சார் பேஜாரு. அந்த சீட்டு முதுகு குட்டை. துண்டு நிக்காது, வழுக்கி டிரைவர் காலாண்ட விழும். உங்க துண்ட அவன் மிதிக்கலாமா சார்? அதனால துண்டுக்கு ஒரு ஸ்டாண்டு போட்டுத்தான் ஆவணும்."

"அதுக்கென்ன, போடுங்க" என்றார் அய்யா. ஆபீஸிலிருந்து வந்த உத்தரவிலும் துண்டு ஸ்டாண்டு என்றே இருந்தது.

என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக ஒரு துண்டு ஸ்டாண்டு செய்ததில்லை. இரும்புக் குழாயை வளைத்து, சீட்டின் உள் சட்டத்தோடு போல்ட் போட்டு முடுக்கி, ஃபோம் வைத்து, ரெக்சின் தைத்தோம். மேஸ்திரி இரண்டு கையாலும் தொங்கிப் பார்த்தார், அசையவில்லை. உயரம் வைக்கத்தான் பெரும்பாடு. கன்னியப்பனை உட்காரச் சொன்னால் ஆணி அடித்த மாதிரி விறைப்பாக உட்காருகிறார். வலிக்குப் பயந்து அப்படியே பழகிவிட்டது. தண்ணீர் லாரி பலிக்கவில்லை. மச்சினனும் பலிக்கவில்லை, அவருக்கு மச்சினன் தங்கமான மனுஷனாம். கடைசியில் மேஸ்திரி, "இந்த டவுன் பஸ் டிரைவருங்க எல்லாம் நல்லாத்தானே ஓட்றானுங்க?" என்றார்.

அவ்வளவுதான். "நல்லா ஓட்றானா? இன்னா மேஸ்திரி பேசற நீ! ஸ்டாப்பிங்ல நிறுத்துன்னா நடு ரோட்ல நிறுத்துவான் சோமாரி, கை காட்டாம ஒடிப்பான்..." என்று தொடங்கி, கை ஸ்டீயரிங்கில், முதுகு சீட்டில், தோள் தளர்ந்து, ஆள் நிஜமாக உட்கார்ந்துவிட்டார். மேஸ்திரி கண்ணைக் காட்டினார். நான் கோடு போட்டேன். மூன்று விரல். உச்சந்தலை மட்டம். மேலே வெள்ளைத் துண்டு, ஒற்றையாக விரித்து.

சில மாதம் கழித்து ஒரு காலையில் பாடி சிக்னலில் வண்டி நின்றிருந்தபோது லோடு ஏற்றிய லாரி ஒன்று பின்னால் வந்து மோதியது. இந்தத் தடவை லேசாக இல்லை. டிக்கி உள்ளே போய்விட்டது. செய்தி மத்தியானம் கடைக்கு வந்தது. ஆளுக்கு என்ன ஆனது என்று சொல்லத் தெரியாதவன் சொன்ன செய்தி. மேஸ்திரி அன்று மூக்குப்பொடி டப்பாவைத் திறக்கவே இல்லை. நான் தைத்த தையலெல்லாம் கோணலாகப் போயிற்று, பிரித்துத் தைத்தேன்.

மறுநாள் கன்னியப்பன் பஸ்ஸில் வந்து இறங்கினார். மேஸ்திரி அவரை எதிர்கொள்ளவில்லை. சுற்றிக்கொண்டு அவருக்குப் பின்னால் போய் நின்று, "கன்னியப்பா!" என்றார். கன்னியப்பன் பழையபடி ஆளோடு வட்டமடித்துத் திரும்பினார். ஆனால் சிரித்துக்கொண்டே திரும்பினார். "முன்னால எப்டி இருந்துச்சோ அப்டியேதான் கீது மேஸ்திரி. கை மரக்கல. இந்தா பாரு" என்று பத்து விரலையும் ஆட்டிக் காட்டினார். "இடி இடிச்ச மாதிரி சத்தம். தலை பின்னால போச்சு, உன் ஸ்டாண்டு கப்புனு புடிச்சுகிச்சு."

"அய்யா?" என்றேன்.

"அய்யா யோசிச்சுகினு இருந்தாரு. இடிச்சதும் முழிச்சுகினு 'வந்துட்டோமா?'ன்னு கேட்டாரு. 'நாம வரல அய்யா, அவன் வந்துட்டான்'னேன்."

மேஸ்திரி சிரித்துச் சிரித்துத் தும்மினார். அப்புறம் சிரிப்பு அழுகையாகி, துடைக்க ரெக்சின் துண்டைத் தேடினார்.

அய்யா அந்த விபத்தை நன்றாக ஆராய்ந்தார். இரண்டு பேருக்கும் ஒரு கீறல் இல்லை. இரண்டு பேருக்கும் பின்னால் பொதுவாக இருந்தது என்ன? துண்டு. ராசியான துண்டு. ஆபீஸில் இருக்கிற எல்லாக் கார்களுக்கும் முன் சீட்டில் வெள்ளைத் துண்டு போட உத்தரவாயிற்று. வெறும் துண்டு. ஸ்டாண்டு பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மேஸ்திரிக்கு வந்ததே கோபம். "துண்டா புடிச்சுது? துண்டா புடிச்சுது?" என்று என்னைக் கேட்டார், நான்தான் உத்தரவு போட்ட மாதிரி. ஆனால் கன்னியப்பன் அமைதியாக இருந்தார். "கம்முனு இரு மேஸ்திரி. மத்த டிரைவருங்க கிட்ட நான் பேசிக்கறேன்" என்று போனார்.

அடுத்த வாரத்திலிருந்து அந்த ஆபீஸில் துண்டுகள் விழ ஆரம்பித்தன. ஒவ்வொரு டிரைவரும் கைகட்டி நின்று, "சார், உங்க துண்டு வழுக்கி என் காலாண்ட விழுது சார். தெரியாம மிதிச்சுட்டேன், மன்னிச்சுடுங்க" என்றார்கள். டிரைவர் மிதித்த துண்டைச் சகிக்கிற ஆபீசர் உண்டா? ஒவ்வொரு வண்டியாக எங்கள் கடைக்கு வந்தது. ஒவ்வொரு டிரைவரையும் உட்காரவைத்து, டவுன் பஸ்ஸைத் திட்டவிட்டு, அளவெடுத்தோம். எல்லா வண்டிக்கும் போட்டு முடித்தோம். அந்த ஆபீஸின் எந்தக் காகிதத்திலும் தலை என்றோ கழுத்து என்றோ ஒரு சொல் இருக்காது.

மேஸ்திரி காலமாகி வெகுநாள் ஆகிறது. கன்னியப்பன் ரிட்டயர் ஆகும்வரை வண்டி ஓட்டினார், இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்தார். மருமகன் காருக்கும் ஒருவழியாக வழி பிறந்தது. "மாப்பிள்ளை, திருப்பிப் போட்டா பின்னால வர்ற வண்டிக்காரனுக்கு கவர் முதுகுல இருக்கற உங்க கம்பெனி பேர் தெரியல பாருங்க" என்றேன். உடனே நேராகத் திருப்பிச் செருகினான். சீட்டை ஒரு க்ளிக் சாய்த்துக் கொடுத்தேன், கழுத்து வலி என்று அப்புறம் பேச்சே இல்லை.

போன வாரம் அம்பத்தூர் மார்க்கெட்டில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டு ஒரு பெரியவர் நின்றார். முதுகைப் பார்த்தே தெரிந்தது. பக்கத்தில் போகாமல், பின்னாலேயே நின்று, "கன்னியப்பா!" என்று கூப்பிட்டேன்.

கை கத்திரிக்காயில், கால் நின்ற இடத்தில். கழுத்து மட்டும் திரும்பியது.

"இன்னா நைனா, மேஸ்திரி மாதிரி நீயும் பின்னாலேர்ந்துதான் கூப்புடுவியா?"